ஊஞ்சலடியில் தேங்கிய தண்ணீர்

மினெகிஷி டீச்சருக்கு மௌனம் என்றாலே ஆகாது. ஒரு பிள்ளை யோசிக்க வாய் மூடினால் போதும், இவருக்கு நாக்கு துறுதுறுக்கும்; விடையைப் போட்டு உடைத்துவிடுவார். நாகானோ மலையடிவாரத்துத் தொடக்கப் பள்ளியில் அவர் சேர்ந்த நாள் முதல் இதே கதைதான். போன வருடம் அவர் பாடத்தைப் பார்க்க வந்த வெளியூர் ஆசிரியர்கள், "யோசிக்க வேண்டியது பிள்ளைங்களா, நீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது முள்ளாகத் தைத்திருந்தது.

இந்த வருடமும் வருகிறார்கள். இன்னொரு முறை தலைகுனிய முடியாது. பயத்தில் முந்தின நாளே நான்காம் வகுப்புக்கு ஒத்திகை வைத்துவிட்டார். மழை விட்டதும் பிள்ளைகள் விளையாடும் மணல்குழி காய்ந்துவிடுகிறது, ஊஞ்சலுக்கு அடியில் மட்டும் தண்ணீர் தேங்குகிறதே, ஏன்? யார் முதலில் கை தூக்குவது என்பது வரைக்கும் ஏற்பாடு.

மறுநாள் பின்சுவரோரம் ஆசிரியர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கரும்பலகையின் அடியில் பாடத்தின் முடிவை எழுதவென்று ஒரு கட்டம் தயார். ரென்தா டாண் என்று எழுந்தான்.

"மணல் துகள் பெரிசு, மண்ணுத் துகள் பொடிசு. மணல்ல தண்ணி சீக்கிரம் இறங்கிடும்!"

அடுத்து சயோவின் முறை. அவள் எழுந்து தயங்கினாள்.

"டீச்சர், நேத்து சொன்னதையே சொல்லணுமா?"

பின்னால் யாரோ கனைத்தார்கள். டீச்சருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏன்னா அது தப்புன்னு தோணுது. காலையில ஊஞ்சலுக்கு அடியில தோண்டிப் பார்த்தேன். அங்கயும் மணல்தான்," என்றாள் சயோ.

"அங்க பள்ளம். அதான் நிக்குது," என்றான் ரென்தா.

"மணல்குழி மட்டும் என்ன மேடா? போடா மண்டு!" என்றாள் சயோ.

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். மிதிபட்டு இறுகிய மணல் என்ற விடை டீச்சரின் நுனிநாக்கில் நின்றது. சொன்னால் மானம் பிழைக்கும். கையிலிருந்த சாக்பீஸ் படக்கென்று ஒடிந்தது.

"நேத்து நான் சொல்லிக் கொடுத்ததை மறந்துடுங்க," என்றார், எல்லோருக்கும் கேட்கவே. "இப்ப எப்படிக் கண்டுபிடிக்கலாம்?"

யாரும் பேசவில்லை. அவர் சன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த மௌனம் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

"ஊஞ்சல்ல இருந்து குதிச்சு அங்கதானே எல்லாரும் மிதிக்கிறோம்?" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல்.

அவ்வளவுதான், அமளி. அடியில் ஓட்டை போட்ட இரண்டு காகிதக் கோப்பைகளில், ஊஞ்சலடியிலிருந்து ஓடிப்போய் அள்ளி வந்த அதே மணல். ஒன்றை ரென்தா முஷ்டியால் குத்தி இறுக்கினான். இரண்டிலும் சயோ தண்ணீர் ஊற்றினாள். ஒன்று சடசடவென்று ஒழுகியது. மற்றதில் தண்ணீர் மேலேயே நின்றது.

மணி அடித்துவிட்டது. பின்சுவரோரம் நின்ற துணைத் தலைமையாசிரியர் காலிக் கட்டத்தைக் காட்டிக் காட்டிக் கண்ணை உருட்டினார். டீச்சர் பலகைக்கு ஓடினார்.

"ஆகவே, மிதிச்சதால..."

"சொல்லாதீங்க டீச்சர்!" வகுப்பே கத்தியது.

"இது ஒரு சொட்டாவது விழட்டும்," என்றாள் சயோ, இறுக்கிய கோப்பையிலிருந்து தலையைத் திருப்பாமலே. "அப்புறம் நாங்களே எழுதுறோம்."

டீச்சர் சாக்பீஸ் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். மூக்குக்குக் கீழே வெள்ளை மீசை விழுந்தது. சிரிக்கக்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.