ஊதாக் கிளாஸில் மோர்

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்திருந்த காலம். சாய்ந்தமருதிலிருந்து சவளக்கடைக்கு என் மனைவி என்னைக் கூட்டிப்போன ஒரு காலையில் நடந்தது இது.

பழைய வண்ணக் கண்ணாடிக் கிளாஸ்கள் என்றால் எனக்குப் பைத்தியம். வாப்பாவின் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளுக்கு வந்தவை. பச்சை, ஊதா, தேன் நிறம். உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெயில் பட்டால் மின்னும். வீடு வீடாகக் கேட்டு வாங்கி ஓர் அலுமாரி நிறையச் சேர்த்திருந்தேன். "இதுதான் இவர்ர மூத்த பொஞ்சாதி" என்று வருவோரிடமெல்லாம் அலுமாரியைக் காட்டிச் சிரிப்பாள் மனைவி. தூசி தட்டுவதும் அவள்தான்.

சுனாமி வந்தபோது நான் கல்முனைச் சந்தையில் இருந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடித் தப்பினாள். வீடும் அலுமாரியும் போய்விட்டன. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் மட்டும், எத்தனையோ ஜனாஸாக்களை அடக்கினோம். அதற்கு நடுவே கண்ணாடியைப் பற்றி எப்படிக் கதைப்பது? அதன்பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

சவளக்கடைக்கு அன்று அரிசி வாங்கப் போவதாகத்தான் சொன்னாள். வயலோர வீடொன்றில், எங்களைவிட மூத்த தமிழ் அம்மா ஒருவர் மோர் கொண்டுவந்து தந்தார். ஊதாக் கிளாஸ்! குடிக்க மறந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழ்களைப் பார்த்தபடி நின்றேன்.

"நான் சொன்னன்தானே அக்கா," என்றாள் மனைவி. "வாய் திறந்து கேக்கமாட்டாரு. உசிருகள் போன நேரத்துல கண்ணாடிக்கு அழுறான் எண்டு சனம் சொல்லுமெண்டு பயம்."

யாரிடமும் சொல்லாததை எப்படி அறிந்தாள்? இப்படிக் கிளாஸ் யாரிடம் இருக்கிறது என்று அரிசி விற்க வரும் பெண்களிடமெல்லாம் அவள் விசாரித்து வந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

"எங்கட வீட்டுக்காரர் வாங்கினது, தம்பி," என்றார் அந்த அம்மா. "சண்டையில அவரும் போயிட்டார். இடம்பெயரக்குள்ள மத்ததெல்லாம் உடைஞ்சு போச்சு. இத அரிசிச் சாக்குக்குள்ள வெச்சுக் காப்பாத்தினன். நீங்க கொண்டுபோங்க."

நான் பதறிப்போய் மறுத்தேன். அவரிடம் மிஞ்சியிருப்பதை எப்படி வாங்குவது?

"எடுங்க. அவர நினைச்சு அழ எனக்கு வேற எத்தனையோ இருக்கு. இது ஆசையாப் பார்க்கிற ஆளிட்ட இருக்கட்டும். முதல்ல மோரக் குடிங்க."

குடித்தேன். கழுவி, பழைய சேலைத் துண்டில் சுற்றித் தந்தார். வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னால் மனைவி அதை மடியில் அணைத்துக்கொண்டே வந்தாள்.

எல்லாம் போன பிறகும் ஒரு சின்னப் பொருளுக்கு ஆசைப்படுவது பாவமில்லை என்று அந்த இரண்டு பெண்களும் காட்டித் தந்ததால்தான், இன்று எனக்குப் பிடித்ததை வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்கிறேன்.