தெய்வசிகாமணி வீட்டுத் தூளிக் கொக்கிகள்

தெய்வசிகாமணி வீட்டுக் கூடத்து உத்திரத்தில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. 1987 ஆவணியில் அவரே ஏணி போட்டு ஏறி அடித்தவை. அவர் மனைவி செவ்வந்திக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு கொக்கி என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு யாரு சொன்னது?" என்றார்.

நான் மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு வரிசைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ரிஷிவந்தியத்துக்கு அடுத்த ஊரிலிருந்து அவர் டிராக்டரில் கரும்பு கொண்டுவருவார். அப்படித்தான் பழக்கம். போன தையில் அவர் காலமானார். நான் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுத முயல்கிறேன்.

அவர் இரட்டையரில் மூத்தவர். தம்பி தீனதயாளன் சிவப்பு, நெட்டை. இவர் கறுப்பு, குட்டை. தெரியாதவர்கள் அவர்களை அண்ணன் தம்பி என்றுகூட நம்பமாட்டார்கள். தம்பிக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. ஆகவே தங்கள் வம்சத்து இரட்டை தனக்குத்தான் பிறக்கவேண்டும் என்பது தெய்வசிகாமணியின் கணக்கு. வீட்டிலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. நிலத்தைப் போல அதுவும் ஆண்பிள்ளை வழியில் இறங்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வளைகாப்புச் சாமான் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது நானும் உடனிருந்தேன். பக்கீர் முகமதுவின் ஜவுளிக்கடையில் தூளிக்கு இரண்டு புடவை கேட்டார்.

"ஒண்ணு வாங்கினு போ. ரெண்டு பொறந்தா அப்பால வா. நான் இன்னா கடைய தூக்கிக்கினு ஓடிடவா போறேன்?"

"எங்க வம்சம் தெரியாது பாய் உங்களுக்கு. நானே ரெட்டையில ஒருத்தன்."

"ஒன்னையே இந்தக் கடத்தெரு தாங்கல" என்றபடி பாய் இரண்டையும் மடித்துக் கொடுத்தார்.

வளைகாப்புக்குத் தங்கை பச்சையம்மாள் மலைமேலுள்ள கரியாலூரிலிருந்து வந்திருந்தாள். அவள் கணவன் சின்னராசு அங்கே மளிகைக்கடை வைத்திருந்தான். அவளும் பிள்ளைத்தாய்ச்சி, ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. ஆனால் இது இரண்டாவது. தலைப்பிரசவம்தான் தாய்வீட்டில், அடுத்தது புருஷன் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கால்கள் வீங்கியிருந்தன. வளையல் போட்டு முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்தபோது அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"அண்ணா, நான் இங்கியே இருந்துட்டுமா? வயிறு ரொம்ப பெருசா கீதுணா. ரெண்டு பக்கமும் ஒதைக்குது."

"அதுக்கின்னா? புள்ளன்னா ஒதைக்கத்தான் செய்யும்."

"ரெட்டையா இருக்குமோன்னு பயமா கீது."

தெய்வசிகாமணி சிரித்துவிட்டார். "ரெட்டை எனக்குடி. நீ வேற வூட்டுக்குப் போனவ, உனக்கு எப்டி வரும்?"

தாய் கொளஞ்சியம்மாளும் கையை விரித்தாள். செவ்வந்திக்குத் தாய் இல்லை, அதனால் அவள் தலைப்பிரசவமும் இங்கேதான். "இவளுக்கே ரெண்டு வரப்போவுது. நான் ஒருத்தி எத்தினி பேரைத்தான் பாக்கறது? உங்க வூட்ல மாமியார் கீறாங்க இல்ல?"

மறுநாள் அண்ணனே டிராக்டரில் வைக்கோல் பரப்பி, பச்சையம்மாளை உட்காரவைத்து, மலைமேல் கொண்டுபோய் விட்டுவந்தார்.

அடுத்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பேருந்து இல்லை. நாங்கள் ஆலைக்குள்ளேயே தங்கினோம். இனி எழுதுவது சின்னராசு சொன்னது.

மறியலின் நான்காம் நாள் காலையில் அவளுக்கு வலி கண்டது. மருத்துவம் பார்க்கும் கிழவி ஒரு பெண் குழந்தையை எடுத்தாள். அதன் பிறகும் வயிறு இறங்கவில்லை. உள்ளே இன்னொன்று குறுக்கே கிடந்தது. மர வியாபாரியின் ஜீப் ஒன்று அங்கே நின்றிருந்தது. அதில் ஏற்றி மலையிலிருந்து இறக்கினார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையில் மரம். மறியலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வெட்டிய கோடரியாலேயே கிளைகளைக் கழித்து வழி செய்தார்கள். இருவர் அடுத்த மரத்துக்குச் சொல்ல முன்னால் ஓடினார்கள். கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தபோது பச்சையம்மாளும் வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிருந்தார்கள்.

செய்தி கேட்டுத் தெய்வசிகாமணி வயல்வெளியாகவே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பெண் டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ரெட்டை எங்க வூட்ட சேர்ந்ததுங்க. அவளுக்கு எப்டிங்க வந்தது?"

அவரும் தம்பியும் ஒரே அச்சா என்று டாக்டர் விசாரித்தார். இல்லை என்றதும் சொன்னார்: "அப்போ நீங்க ரெண்டு தனித்தனி முட்டையில வந்தவங்க. ஒரே மாசத்துல ரெண்டு முட்டை விடறது பொம்பளை உடம்பு. உங்கம்மாவுக்கு இருந்த அந்த வாகு உங்க தங்கச்சிக்கு வந்திருக்கும். உங்ககிட்டயும் இருக்கலாம். ஆனா உங்க மனைவி வயித்துல அது வேலை செய்யாது. உங்களுக்குப் பொண்ணு பொறந்தா, அவளுக்கு வரலாம். கட்டாயம் வரும்னு இல்ல. மத்தவங்களைவிட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்."

இதை அவர் என்னிடம் பலமுறை திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லும் மாறியதில்லை.

மூத்த பிள்ளை சின்னராசுவிடமே இருக்க, பிழைத்த கைக்குழந்தையைக் கொளஞ்சியம்மாள் எடுத்துவந்தாள். மணிமொழி என்று பெயர் வைத்தார்கள். பாய் கடைப் புடவை ஒன்றில் அவளுக்குத் தூளி கட்டினார்கள். கார்த்திகையில் செவ்வந்திக்கு ஒரே ஒரு பெண் பிறந்தது. அதற்கு அடுத்த கொக்கி. இரண்டு தூளிகளும் ஆடுவதைப் பார்த்துப் புதிதாக வருபவர்கள், "ரெட்டையா?" என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். தெய்வசிகாமணி எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவார்.

மறியலில் விழுந்த மரம்தான் பச்சையம்மாளைக் கொன்றது என்று ஊரில் பேசினார்கள். அவரும் சில வருஷம் அப்படியே சொன்னார். பிறகு ஒருநாள், ஆலை வாசலில் வண்டிக்காரர் ஒருவர் அதைச் சொல்ல, குறுக்கிட்டார். "மரம் அப்பால வுழுந்துச்சி. அதுக்கு முன்னாடியே நான் அவள கொண்டும்போய் வுட்டுட்டு வந்துட்டேன்."

இரு பெண்களுக்கும் நிச்சயம் செய்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் ஒரே நிபந்தனை வைத்தார். எத்தனையாவது பிரசவமானாலும் தன் வீட்டுக்குத்தான் அனுப்பவேண்டும். இரட்டை வர வாய்ப்பு உண்டு. மணிமொழிக்குப் பார்த்த பையனின் சித்தப்பா, "அப்போ சீரும் ரெண்டா செய்வீங்களா?" என்று கேட்கச் சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "செய்றேங்க. அனுப்புங்க" என்றார்.

மணிமொழியின் இரண்டாவது பிரசவத்துக்கு ஐந்தாம் மாதமே போய் அழைத்துவந்துவிட்டார். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரே குழந்தை என்றார்கள். இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள், ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். மணிமொழி பையை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணுதான மாமா. அங்க எங்க அத்த தனியா கீறாங்க. நான் போட்டுமா?"

அவர் உத்திரத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒண்ணா இருந்தா இன்னா? இங்கியே இரும்மா" என்றார்.