பசையா, பார்வையா

அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'கழுகு' என்றால்தான் தெரியும். வீட்டில் படம் பார்ப்பதற்கான வீடியோ தட்டுகளைச் செய்த இடம் அது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும். இரண்டு மெல்லிய தட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டினால்தான் ஒரு தட்டு. ஒட்டும் பிரிவில் அவள் கணவன் இருந்தான். ஒட்டி வந்ததை ஓடவிட்டுப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்குவது அவள் வேலை.

"நாள் பூரா படம் பாக்கறதுக்குச் சம்பளமா? குடுத்து வெச்சவ!" என்று அண்ணி கேலி செய்வாள். சத்தத்தை அணைத்துவிட்டு, எங்கேயாவது ஒரு வெள்ளைப் பொட்டு மின்னுகிறதா என்று திரையை முறைத்துக்கொண்டே இருப்பது என்ன மாதிரியான படம் பார்த்தல் என்று அண்ணிக்கு எப்படிப் புரியும்? கதாநாயகி தேம்பி அழும்போது, கண்ணீரை விட்டுவிட்டுக் கன்னத்தோரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் இவள்.

ஒரு நாள் மேற்பார்வையாளர் பழைய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சில மாதங்களுக்கு முன்னால் அவளே பார்த்து, சரி என்று அனுப்பிய தொகுதியின் மாதிரி. "இதை இன்னொரு தரம் பாத்துடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இருட்டான காட்சி ஒன்று வந்தது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அப்படியேதான் இருந்தன.

அவள் அம்மாவுக்குப் பார்வை போனது இதே வயதில். முதலில் அம்மா சொன்னது இன்னும் காதில் இருந்தது: "அங்கங்க மாவு தூவின மாதிரி தெரியுதுடி." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அம்மா சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள்.

மேற்பார்வையாளர் கதவுவழியாகத் தலையை நீட்டினார். "எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு சார்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சமையலறைச் சுவருக்கு எதிரே நின்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பாள், பிறகு மற்றதை. ஒரு தடவை சுவரில் கரும்புள்ளி ஒன்று நகர்ந்தது. "ஐயோ" என்று அலறிவிட்டாள். கணவன் ஓடிவந்து பார்த்தான். எறும்பு.

"எறும்புக்கா இந்தக் கூப்பாடு?"

"கடிச்சிடுச்சுங்க" என்று சமாளித்தாள். கண் டாக்டரிடம் போக மனம் வரவில்லை. போனால் தெரிந்துவிடுமே.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். தங்கை வேலை பார்க்கும் இடமாயிற்றே என்று அண்ணன் ஆசையாக அந்தத் தட்டுகளை ஓட்டும் கருவியை வாங்கி வைத்திருந்தான். சாப்பிட்டதும் படம் போட்டான். கொஞ்ச நேரத்தில் திரையில் மாவு தூவ ஆரம்பித்தது. அவள் மடியில் கைகளை இறுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தாள்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள பனி கொட்டுது!" என்றான் அண்ணன்.

"உனக்கும் தெரியுதாண்ணா?"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டு வந்தன அவளுக்கு. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கணவனைப் பார்த்தாள். தட்டை வெளியே எடுத்து, நடுவில் பொறித்திருந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் ஒட்டிய தட்டு அது.

திரும்பி வரும் வழியில் கேட்டான்: "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"கொஞ்ச நாளாவே. என் கண்ணுதான் போகுதுன்னு பயந்துட்டேன்."

"கண்ணாவே இருந்திருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அவனே நடுத்தெருவில் நின்றுவிட்டான். அவள் நிற்காமல் நடந்தாள்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "கிடங்குல போய்ப் பாரும்மா" என்றார். திரும்பி வந்த தட்டுகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அதற்குள் கணவனை மேலே அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

தன் அறைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். திரையில் என்னவோ ஓடியது. அவளுக்கு எதுவும் தெரியவில்லை. இயந்திரத்தைச் சரியாகத் துடைக்கவில்லை என்பார்களோ, வேண்டுமென்றே செய்தான் என்பார்களோ? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தாள்.

ஒருவழியாக வந்தான். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"பசையே சரியில்லையாம். நாளாக ஆக ஓரத்து வழியாக் காத்து உள்ள போயி, அந்தப் பளபளப்புப் பூச்ச அரிச்சுடுதாம். என் கை மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்க."

பசையை மாற்றினார்கள். போன பேர் போனதுதான். அதற்குள் ஊரெல்லாம் வீடியோ கேசட் வந்துவிட்டது. தட்டில் பாதிப் படத்தில் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். டிவியில் வருவதைப் பதிவு செய்யவும் முடியாது. கேசட்டில் பதியலாம், அழிக்கலாம், பையில் போட்டுப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். அண்ணனே தட்டுக் கருவியை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டான்.

"படம் நம்மளுதுலதான் தெளிவு, மச்சான்" என்று கணவன் ஒரு நாள் வாதாடிப் பார்த்தான்.

"தெளிவா இருந்து என்ன பண்றது மாப்ள? புள்ளையோட கல்யாணத்த இதுல புடிக்க முடியுமா?"

ஒவ்வொரு பிரிவாகப் பூட்டினார்கள். காலையில் இருவரும் முதலில் அறிவிப்புப் பலகையைத்தான் பார்ப்பார்கள். ஒட்டும் பிரிவு முதலில் போனது. பரிசோதனை அறை கடைசியில்.

கணவன் மரச்சாமான் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். அங்கேயும் பசை வேலைதான். ஒட்டிய பலகையை மறுநாளும் நகத்தால் நெம்பிப் பார்ப்பானாம், முதலாளி சிரிப்பாராம். அவளுக்கு ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன்னால், இத்தனை நாள் தள்ளிப்போட்ட கண் டாக்டரிடம் அவன்தான் அழைத்துப்போனான். தெருவில் சொன்ன அந்த வார்த்தையை அவனும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

இப்போதைக்கு. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது அவளைக் கலக்க. வருஷா வருஷம் அந்த நாளில் அவன்தான் அழைத்துப்போவான். அவள் உள்ளே போவாள். அவன் வெளியே பெஞ்சில், பழைய பத்திரிகை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருப்பான்.