சித்தி எழுதிக் கொடுத்த வீடு

அம்மாவின் காரியங்களெல்லாம் முடிந்ததும், வீட்டை என் பெயருக்கு மாற்றுவதற்காகத் தி.நகரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். கீழே யாரோ ஒவ்வொரு எவர்சில்வர் அண்டாவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வக்கீல் என் பிறப்புச் சான்றிதழையும் வீட்டுப் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க இவங்களுக்கு வாரிசே இல்லையே" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கடைசி மூன்று வருடம் அவளுக்குச் சாதம் பிசைந்து ஊட்டியவள் நான். ஆனால் வக்கீல் சொன்னது சட்டப்படி சரி. நான் அம்மா என்று கூப்பிட்டது என் பெரியம்மாவை. என்னைப் பெற்றவள் அவளுடைய தங்கை.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றவளுக்குக் காசநோய் வந்து தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று கணக்கு டீச்சராக இருந்த அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டாள். தங்கைக்கு உடம்பு தேறியது. அதற்குள் அவள் கணவருக்கு நாக்பூரில் வேலை. இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் அழைத்துக்கொண்டு போகலாம் என்று தள்ளிப் போட்டு, கடைசியில் எல்லோரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். தத்து, பத்திரம் என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. அக்கா தங்கைக்குள் இதற்கெல்லாம் கையெழுத்தா?

ஆக, பெற்றவள் எனக்குச் சித்தி. அவள் கணவர் சித்தப்பா. எனக்குப் பின்னால் பிறந்தவன் ஒருவன்தான் இந்தக் குழப்பத்தில் மாட்டவில்லை. சித்தி பிள்ளையும் தம்பிதான், கூடப் பிறந்தவனும் தம்பிதான். தமிழ் அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர்தான் பெட்டியோடு வந்து சேர்ந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று தெருவே அவரைக் கேலி செய்தது. உயில் எழுதச் சொல்லி அவர் ஓரிரு முறை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். "அதான் இவ இருக்காளே. வேற யாருக்கு எழுதணும்?" என்று அம்மா அவர் வாயை அடைத்துவிட்டாள். கணக்கு டீச்சர் கணக்கில் விட்ட தவறு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். பெரியம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவளைப் பெற்றவர்களும் இல்லை. எனவே வீடு கூடப் பிறந்த தங்கைக்குப் போகும். தங்கைக்கு விருப்பம் இருந்தால் அவர் எனக்கு எழுதிக் கொடுக்கலாம். "விருப்பம் இருந்தால்" என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதையே நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

சித்தி அடையாறில் தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருந்தாள். சித்தப்பா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சுப் பேசாமல் தாலுகா அலுவலகத்துக்கு வந்தாள், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள், கேன்டீன் காபி தண்ணியாக இருக்கிறது என்று குறை சொன்னாள். சில மாதங்கள் அலைந்த பிறகு அவள் பெயரில் வாரிசுச் சான்றிதழ் வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தினமும் போன் செய்வாள். மழை, மாத்திரை, பட்டினப்பாக்கம் பக்கம் போக்குவரத்து நெரிசல், எல்லாம் பேசுவாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கோயில் குளத்துக்குப் பக்கத்தில் தனி வீடு என்றால் ஃப்ளாட் கட்டி விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? பெருங்குடியில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஒருவர் போன் செய்தார் என்று கேள்விப்பட்டேன். தம்பியைக் கேட்டேன். "அம்மா இஷ்டம்க்கா. நான் நடுவுல வரலை" என்றான். நல்ல பதில்தான். எனக்குத் தூக்கம் போனது.

அம்மாவாக இருந்தால் சண்டை போட்டுக் கேட்டிருப்பேன். சித்தியிடம் எப்படிச் சண்டை போடுவது? சித்திகளிடம் நாம் மரியாதையாக இருப்போம். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்போம். எனக்கு இதைக் கொடு என்று கை நீட்ட மாட்டோம். என்னையே கொடுத்துவிட்டுப் போனவள், வீட்டை மட்டும் எனக்காக வைத்திருப்பாளா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான். அதற்காக இப்போது வெட்கப்படவில்லை.

ஒரு காலையில் அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றும்போதே, "பத்திரம் எழுதற ஆள் யாரையாவது தெரியுமோ உனக்கு?" என்றாள்.

"எதுக்கு சித்தி?"

"உன் பேர்ல எழுதத்தான். பின்னே, இந்த ஆத்தைத் தலையில கட்டிண்டு போகப் போறேனா?"

"இத்தனை நாள் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நீ கேப்பேன்னு இருந்தேன்" என்றாள். "நீ கேக்கவே இல்லை."

உள்ளே போய்க் காபி கலந்தேன்.

பத்திர எழுத்தருக்குப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஓயாத பேச்சு. சொத்தை உயிரோடு இருக்கும்போதே உறவுக்காரருக்கு எழுதிக் கொடுப்பதற்குத் தான செட்டில்மென்ட் என்று பெயர் என்றும், மகளுக்கு என்றால் முத்திரைத் தீர்வையில் பெரிய சலுகை உண்டு என்றும் சொன்னார். எங்களிடம் காகிதங்களை வாங்கி, ஏதேதோ கேட்டு, தட்டச்சு செய்து வரைவை நீட்டினார்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள். காகிதம் என்றால் சல்லடை போட்டுத்தான் படிப்பேன். நான்கெல்லை, சர்வே எண், கதவு எண், எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "சரியா இருக்கு சித்தி" என்று கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். முதல் பக்கத்திலேயே விரல் நின்றது.

"இது தப்பு."

எட்டிப் பார்த்தேன். 'என் மூத்த சகோதரியின் மகளான தங்களுக்கு' என்று இருந்தது. இரண்டு முறை படித்தும் அதில் எனக்குத் தவறே தெரியவில்லை.

எழுத்தர் என் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "வந்ததுலேர்ந்து சித்தி சித்தின்னு கூப்ட்டுக்கினு கீறீங்களேம்மா, நான் இன்னாத்த கண்டேன்? பெத்த அம்மாவப் போயி யாரும்மா சித்தின்றாங்க? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போயி இப்டிக் கூப்டாதீங்க. கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்ச்சிருவாங்க."

சித்தி அவர் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'என் மகளான' என்று திரையில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தாள்.

பதிவு நாளில் தம்பி விடுப்புப் போட்டுவிட்டுச் சாட்சியாக வந்தான். அலுவலகத்தில் ஒரே கூட்டம். மின்விசிறி இருந்த பக்கம் கல்யாணக் கோஷ்டி மாதிரி ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்திருந்தது. எங்கள் டோக்கன் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. போட்டோ எடுத்தார்கள், கட்டை விரல் ரேகை பிடித்தார்கள். சித்தியின் ரேகை தேய்ந்துபோய் இயந்திரத்தில் விழவில்லை. தம்பி தன் கைக்குட்டையால் அவள் விரலைத் துடைத்து மறுபடி வைத்தான்.

சார்பதிவாளர் ஒரு பெண். சித்தியின் வயதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் சத்தமாக, "யாராவது கட்டாயப்படுத்தி எழுதறீங்களாம்மா?" என்று கேட்டார். "என்னைக் கட்டாயப்படுத்த இனிமே ஒருத்தர் பொறந்து வரணும்" என்றாள் சித்தி. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பி, "இவங்க உங்களுக்கு யாரு?" என்றார்.

"சித்தி" என்றேன்.

ஐம்பது வயதுக்கு மேல் நாக்கைத் திருப்ப முடியுமா? சொன்ன பிறகுதான் உறைத்தது. சார்பதிவாளரின் பேனா நின்றுவிட்டது. தம்பி என்னைப் பார்த்து முறைத்தான். பத்திரத்தையும் என்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். "மகள்னு எழுதியிருக்கு. சலுகை கேட்டிருக்கீங்க. என்னம்மா இது?"

சித்திதான் மேஜை மேல் கை ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"பெத்தது நான்தாம்மா. பர்த் சர்டிபிகேட் உள்ள இருக்கு, பாருங்கோ. இவளை எங்கக்கா வளர்த்தா. முதல் தடவை நான் பார்க்க வந்தப்போ என்னைக் கண்டு பயந்து அவ புடவைக்குள்ள ஒளிஞ்சிண்டா. அப்போ நான்தான் சொன்னேன், சித்தி வந்திருக்கேன், வான்னு. அப்போதான் கிட்ட வந்தா. அதையே பிடிச்சுண்டுட்டா. அவ மேல தப்பில்லை."

இது எனக்குத் தெரியாது. அம்மா சொல்லிக் கொடுத்துத்தான் அப்படிக் கூப்பிடுகிறேன் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

சார்பதிவாளர் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "சரி. நீங்க சொல்லணும்மா. இவங்க உங்களுக்கு யாரு?" என்றார்.

"அம்மா" என்றேன். அவரைப் பார்த்துப் பதிலாகத்தான் சொன்னேன், யாரையும் கூப்பிடவில்லை.

"என்னடி?" என்று பக்கத்திலிருந்து சித்தி திரும்பினாள்.