எண்பத்திரண்டு கிலோ எடைக்கல்

என் மனைவியின் தம்பி முருகேசன் இடது காலில் இரண்டு விரல்களை இழந்ததற்கு நான் ஒரு காரணம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எடை குறைத்த கதையை இதே பக்கத்தில் எழுதியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். எட்டு மாதத்தில் பதினோரு கிலோ. ஒரு கரண்டி சோறு, அதைவிட இரண்டு மடங்கு காய், வறுத்த மீனுக்குப் பதில் குழம்பு மீன், இருட்டும் முன்பே சாப்பாடு, காலையில் ஒரு மணி நேர நடை. அத்தனையும் உண்மை.

ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டேன். பத்து வருடமாக நான் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். அந்த எட்டு மாதமும் ஒரு வேளை தவறியதில்லை.

கட்டுரையைப் படித்த என் மனைவி உடனே கேட்டாள். “மாத்திரைய எழுதலையே?”

“வாசகர்களுக்கு அது எதுக்கு?”

“தினம் எடுத்துத் தர்றவ நானு. எனக்கே இதப் படிச்சா நீங்க மாத்திரையே போடாத ஆளுன்னு தோணுது...”

அப்படித் தோன்ற வேண்டும் என்றுதானே எழுதினேன்! மாத்திரையையும் சேர்த்தால் கதையில் கம்பீரம் குறைந்துவிடும் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, ‘வெள்ளைச் சர்க்கரைக்கு விடை கொடுங்கள், கருப்பட்டிக்கு மாறுங்கள்’ என்று ஒரு வரி. படிக்க நன்றாக இருந்தது. முப்பது வருடம் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தியவனுக்கு, ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று தெரியாதா? என் வீட்டில் நான் குடித்தது இரண்டுமே போடாத காபி.

முருகேசனுக்குத் தொண்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். மிளகாய் விவசாயம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அவனுக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை உண்டு, தொப்பை உண்டு. கட்டுரையைப் படித்துவிட்டு போனில் சந்தோஷப்பட்டான். நானும் பெருமையாக ஒரு ஓலைப்பெட்டி நிறையச் சாயல்குடிக் கருப்பட்டி வாங்கி அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து, மிளகாய் எடை போடும் நாளில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வழக்கம். வியாபாரி தராசோடு வந்து இறங்கினால், முதலில் மூட்டையை ஏற்ற மாட்டார்கள். மனிதனை ஏற்றுவார்கள். எடை தெரிந்த ஆள் ஏறினால் தராசின் யோக்கியதை தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஆள் பல வருடமாக முருகேசன்தான். எண்பத்திரண்டு கிலோ. கூடவும் மாட்டான், குறையவும் மாட்டான். களத்துக்கு அவன்தான் எடைக்கல்.

அன்றைக்கு ஏறினான். தராசு எழுபது காட்டியது.

“ஏலே, தராசுல கோளாறு! பன்னெண்டு கிலோவ முழுங்குது!” என்று கத்தினார் பக்கத்து வயல்காரர் கருப்பையா.

வியாபாரியின் ஆள் பதறிவிட்டான். “சத்தியமா நல்ல தராசுண்ணே! வேற யாராச்சும் ஏறிப் பாருங்க.”

கருப்பையா ஏறினார். அவர் எடை சரியாக இருந்தது. இன்னொருவர் ஏறினார். அதுவும் சரி.

“தராசு குறையல... முருகேசன்தான் குறைஞ்சிருக்கான். காத்தடிச்சா இனி தொண்டிக் கடல்லதான் போயித் தேடணும்!” என்றார் கருப்பையா.

களமே சிரித்தது. முருகேசன் மறுபடி தராசில் ஏறி நின்றுகொண்டு என்னைக் கை காட்டினான். “எல்லாம் நம்ம மச்சான் எழுதுனது! சோத்தக் குறைச்சேன். சீனிக்குப் பதிலாக் கருப்பட்டி. மாத்திரையத் தூக்கி எறிஞ்சு நாலு மாசமாச்சு. மச்சானே மாத்திரை இல்லாமத்தான இளைச்சாக!”

ஆறேழு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சட்டைப் பையில் மதியத்துக்கான மாத்திரை இருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் சிரித்தேன்... அவ்வளவுதான் செய்தேன்.

மதியம் சோறு போடும்போது அவன் மனைவி பாண்டியம்மா மெதுவாகச் சொன்னாள். “குடங் குடமாத் தண்ணி குடிக்கிறாகண்ணே. ராத்திரி நாலஞ்சு வாட்டி எந்திரிக்கிறாக. கண்ணு வேற உள்ள போயிருச்சு... பயமா இருக்கு.”

அவள் எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“உடம்புல உள்ள கழிவு வெளியேறுதும்மா. நல்லதுதான்.”

சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், உடம்பு தன்னைத்தானே தின்று இளைக்கும். என் மருத்துவர் எனக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான். முருகேசன் எடை குறைக்கவில்லை, கரைந்துகொண்டிருந்தான். இது தெரிந்தும் அப்படிச் சொல்லிவிட்டு, கை கழுவப் போன இடத்தில் யாரும் பார்க்காமல் என் மாத்திரையை விழுங்கினேன்.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. காலில் கருவேல முள். ஏறி நாலு நாளாகியிருக்கிறது, பாதம் மரத்துப்போனதால் அவனுக்குத் தெரியவே இல்லை. தரையில் ஈரமான கால்தடத்தைப் பார்த்து பாண்டியம்மாதான் கண்டுபிடித்தாளாம். இராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்துக்கும் உத்தரவாதமில்லை என்றார்கள்.

“மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டார் டாக்டர்.

முருகேசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “யாரும் சொல்லல சார். நானாத்தான் நிறுத்துனேன்.”

அந்தப் பொய்தான் என்னை உடைத்தது. டாக்டரிடம் சொன்னேன். பாண்டியம்மாவிடமும் அங்கேயே சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். முருகேசன் மட்டும் ஒன்று கேட்டான். “அன்னைக்குக் களத்துல சொல்லியிருக்கலாம்ல மச்சான்?”

என்னால் முடிந்தது, துணைக்குப் போவது. கால் பிழைத்தது. மாதா மாதம் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இரண்டு பேரும் வரிசையில் நின்று ரத்தப் பரிசோதனைக்கு ஆளுக்கொரு விரலை நீட்டுகிறோம்.

போன வாரம் மறுபடியும் மிளகாய் எடை. களத்தில் அதே ஆட்கள். மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“அப்ப நீங்க எழுதுனது பொய்யா சார்?” என்றார் கருப்பையா.

“கருப்பட்டியத் தவிர எழுதுனது நிசம். இத எழுதாம விட்டதுதான் தப்பு.”

அவர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “நல்லாருக்கு சார் ஒங்க கத! நானும் ஒங்களப் படிச்சுட்டு மாத்திரையப் பாதியா ஒடச்சுல்ல போட்டுக்கிட்டிருக்கேன்...”

ஒரு வரி எத்தனை வீட்டுக்குள் போயிருக்கிறது! இந்தத் திங்கட்கிழமை கருப்பையாவும் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். உங்களில் யாராவது அப்படிச் செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து இன்றே உங்கள் டாக்டரைப் பாருங்கள். என்னைப் படித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

எடை போட்ட அன்று, நான் சொல்லி முடித்ததும் முருகேசன் தராசில் ஏறினான். எழுபத்தாறு. ஒருவன் எடை கூடியதற்காகக் கைதட்டிய ஒரே மனிதன் நான்தான்.

“தராசு சரியாத்தானே இருக்கு?” என்றார் யாரோ.

“சரிதான். ரெண்டு வெரல மட்டும் கழிச்சுக்கங்க” என்றான் முருகேசன். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

பாண்டியம்மா எனக்கு இனிப்பில்லாத காபி கொண்டுவந்து வைத்தாள். ‘அண்ணே’ என்று கூப்பிடவில்லை. கூப்பிடும் வரை நான் போய்க்கொண்டிருப்பேன்.

காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன் — போன முறை விட்டுப்போன வரி இதுதான்.