பதினேழு வாய்களில் ஒரு பல்

நகரத்தின் சிரிப்பில் பெரும்பகுதி ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில்தான் உற்பத்தியானது என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, அதன் மேல் ஒரு குக்கர். குக்கரில் வெந்தது சாப்பாடு அல்ல, பல் செட்டுக்கான பிளாஸ்டிக் ஈறு. சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பிளாஸ்டரில் வார்த்த வாய்கள், யாரோ அதட்டி உட்கார வைத்ததைப் போல வரிசையாக. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் ‘செட்டுக்காரர்’ என்றார்கள். பல் செட் செய்கிறவர் என்பதால் வந்த பட்டம்.

முப்பது வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சிரிக்க வைத்தவர் அவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டில் அந்த இலாகாவை மனைவியிடம் ஒப்படைத்திருந்தார். அந்த அம்மாள் அதைக் குறைவில்லாமல் கவனித்துக்கொண்டார். பால் பொங்கினால் சிரிப்பார், கரண்ட் போனால் சிரிப்பார், கணவர் கோபித்துக்கொண்டால் உட்கார்ந்து சிரிப்பார். சிரிக்கும்போது மேல்வரிசையில் இடது முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் போலத் தெரியும். கல்யாணமான புதிதில், “அதை நேராக்கித் தரவா?” என்று தொழில் புத்தியில் கேட்டுவிட்டார் செட்டுக்காரர். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை.

அந்த அம்மாள் ஒரு செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கையில் கிளிப்போடு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

மனைவியின் அண்ணன் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தார். எந்த இழப்பானாலும் அதை நிவர்த்தி செய்ய ஒரு படிவம் இருந்தே தீரும் என்று நம்புகிறவர். துக்கம் முடிந்த மறுவாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டார்.

“மாப்ள, சந்தோஷம்ங்கிறது உள்ளேர்ந்து வரணும்.”

“உள்ள இருந்தா வரும் மச்சான்.”

“வரவழைக்கணும்! நிலையான சந்தோஷத்துக்கு ஏழு படி இருக்கு. எழுதிட்டு வந்திருக்கேன் பாருங்க.”

“எனக்கு முட்டி வலி மச்சான்.”

இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு மச்சான் மிகவும் மகிழ்ந்தார். உண்மையில் முட்டி வலிதான்.

முதல் படி, மீன் தொட்டி. உயிருள்ள எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் மனசு ஆறுமாம். நான்கு மீன்களும் பத்தே நாளில் மிதந்தன. செட்டுக்காரரின் இழப்பு ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. இரண்டாம் படி, பூங்காவில் காலையில் கூடி நின்று கையைத் தூக்கிக் கூட்டாகச் சிரிக்கும் குழு. போனவர் எல்லாருடைய திறந்த வாயையும் பார்த்துவிட்டு, மூன்று பேருக்கு ஈறு வீங்கியிருக்கிறது என்று அறிவித்தார். மறுநாள் குழு வேறு பூங்காவுக்குப் போய்விட்டது. மூன்றாம் படியைப் பற்றி மச்சான் அப்புறம் பேச்செடுக்கவில்லை.

ஆகவே மனிதர் வேலைக்குத் திரும்பினார். வேலை என்றால் இதுதான்: டாக்டர் வாயின் அச்சை எடுத்துக் கொடுப்பார்; இவர் அதில் பிளாஸ்டரை ஊற்றி வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை பிடிப்பார். வரிசை பிடிக்கக் கண் அதிகம் தேவையில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் விரல் தானே போய் உட்காரும். மெழுகு செட்டை நோயாளியின் வாயில் வைத்து டாக்டர் பார்ப்பதும் இரண்டே விஷயம்: மேலும் கீழும் சேர்கிறதா, பேசும்போது விழுகிறதா. இரண்டிலும் இவர் செட் தேறிவிடும். போதாததற்கு, புதிதாகச் செட் வாங்கியவர்கள் எல்லாரும், “அசல் பல்லு மாதிரியே இருக்கு, பொய்ப்பல்லுன்னு யாருமே சொல்லல” என்று புகழ்ந்தார்கள். 

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஓய்வு பெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலர் வந்தது. அதில் ஒரு குழுப்படம். அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார் டாக்டரம்மா, இவருக்கு மகள் வயசுக்காரர். குரலில் மரியாதையும் கோபமும் சரிபாதி.

“அண்ணே, இங்க வாங்க. இந்த லென்ஸை வெச்சு முன்வரிசையைப் பாருங்க.”

“பார்க்கறேன் டாக்டர்.”

“என்ன தெரியுது?”

“ரிட்டயர் ஆனவங்க.”

“பல்லைப் பாருங்கண்ணே!”

பார்த்தார். முன்வரிசையில் ஐந்து பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வாயிலும் இடது முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. அவர் மனைவி ஐந்து இடத்தில் சிரித்தார். அதில் ஒரு இடத்தில் மீசையோடு.

“சங்கத்து செயலாளர் போன் பண்ணிட்டார். நீங்கல்லாம் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களான்னு கேக்கறாங்களாம். ஒருத்தர் வீட்டம்மா, வேற யார் பல்லையோ மாத்திப் போட்டுட்டு வந்துட்டாருன்னு சண்டையாம். எத்தனை செட்டுண்ணே இப்படி?”

செட்டுக்காரர் அலமாரியில் இருந்த வார்ப்புகளை எண்ணினார். மனைவி போனபின் செய்தவை பதினேழு.

“பதினேழையும் வாங்கி, அந்தப் பல்லை மட்டும் கழட்டி நேரா வெச்சு ஒட்டிருங்க. செட்டுக்கு ஒரு மணி நேர வேலை. பத்து நாள் தர்றேன்.”

“அது அப்படியே இருந்துட்டா என்ன டாக்டர்?”

“கோணலா இருக்கேண்ணே.”

“கோணல் இல்ல டாக்டர். ஏறியிருக்கு.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

செட்டுக்காரர் லென்ஸை எடுத்து மீசைக்காரரை மறுபடி பார்த்தார்.

நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஐந்து மாதமாக எங்கும் காணக் கிடைக்காத மனைவி, பதினேழு விலாசங்களில் சௌக்கியமாக இருப்பது தெரியவந்தது. அதே நிமிஷத்தில் பதினேழையும் தன் கையாலேயே அழிக்க உத்தரவும் வந்தது.

வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

“கழட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சிரிங்க.”

“எதுக்கு?”

“செக்கிங்.”

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “சிரிக்கச் சொல்லிட்டு இப்படி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நின்னா எப்படிப்பா சிரிப்பு வரும்?”

“கொஞ்சம் முயற்சி பண்ணுங்கம்மா.”

பண்ணினார். செட்டுக்காரர் நின்று பார்த்தார்.

“போதுமா? தாடை வலிக்குது.”

“இன்னும் கொஞ்சம்.”

ஒன்பதாம் நாள் பதினாறு செட் மேஜையில் இருந்தது. அந்தப் பல்லை டிரில்லால் கழட்டி ஒட்டி, ஒவ்வொன்றாக நேராக்கினார். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. பதினாறு வாயும் ஒழுங்காக நின்றன. ஒன்றும் யாரையும் நினைவுபடுத்தவில்லை.

பதினேழாவது, ஒரு முன்னாள் கோர்ட் குமாஸ்தாவின் வாயில் இருந்தது. வயது எழுபத்தொன்பது. கோர்ட்டில் சிரிக்கக் கூடாது என்ற விதியை முப்பத்தைந்து வருஷம் காத்து, ஓய்வுபெறும்போது அதையும் வீட்டுக்கு எடுத்துப் போனவர். குழுப்படத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான்.

“தர முடியாது” என்றார்.

“சார், ஒரு பல்லு மட்டும்...”

“வாங்கியாச்சு, பழகியாச்சு, கடிக்குது. திருப்பிக் கேட்கணும்னா எழுத்து மூலமா கேளுங்க. பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம் உண்டு.”

செட்டுக்காரர் தயங்கித் தயங்கி டாக்டரம்மாவிடம் சொன்னார்.

“அவரா? அவர் சிரிச்சாத்தானே யாருக்கும் தெரியும்! விட்டுத் தள்ளுங்கண்ணே” என்றார் டாக்டரம்மா.

இப்படியாக, உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தில், மூடிய கதவுக்குப் பின்னால், அந்தப் பல் தப்பியது. நல்ல பராமரிப்பில் ஒரு செட் ஐந்து வருஷம் வரும். போட்டிருப்பவர் அவ்வளவு காலம் வருவாரா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. நிலையான மகிழ்ச்சி என்று சொல்லும்படி செட்டுக்காரர் கைவசம் இருந்தது அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குமாஸ்தா வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். பழைய வார இதழ்களிலிருந்து துணுக்குகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போவார். வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் சொல்லிப் பழக்கமில்லாதவர், இரங்கல் தீர்மானம் வாசிக்கிற குரலில் ஆரம்பிப்பார்.

“ஒருத்தன் டாக்டர்கிட்ட போனானாம்...”

“ஒருத்தன்னா யாரு? பேர், வயசு?”

“பேர் போடல சார்.”

“எந்தத் தேதியில போனான்?”

“அதுவும் போடல.”

“சரி, மேல சொல்லுங்க.”

சொல்லி முடிப்பார். குமாஸ்தா தலையாட்டி, “சாட்சியம் போதாது” என்பார். அன்றைய அமர்வு அத்துடன் முடியும்.

மச்சானுக்கு விஷயம் எட்டியது. மாப்பிள்ளை வெளியே போகிறார், நண்பர் பிடித்திருக்கிறார், ஜோக் சேகரிக்கிறார்! நோட்டைத் திறந்து ஏழு படிக்கும் எதிரே ‘நிறைவு’ என்று எழுதிக்கொண்டார். உறவினர்கள் எல்லாரும் நிம்மதியடைந்தார்கள். இனி அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று முடிவானது, கவலைப்படுவதும் நின்றது.

நான்காம் மாதத்தில் ஒரு நாள், ஜோக்கின் பாதியில் செட்டுக்காரர் நின்றுவிட்டார்.

“அப்புறம்?” என்றார் குமாஸ்தா.

“மறந்துடுச்சு சார்.”

“முடிவே மறந்துடுச்சா?”

“ஆமா சார்.”

குமாஸ்தா சிரித்தார். மேலுதடு தூக்கிக்கொண்டது. இடது முன்பல் தெரிந்தது. அதிகம் போனால் ஒரு விநாடி. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நடந்ததற்கு வருந்துகிறவரைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். செட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நாலே முக்காலுக்கே போய்விட்டார். அதே ஜோக்கை ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்று, “மறந்துடுச்சு சார்” என்றார்.

குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய் மூடியே இருந்தது.

“ஒரே வழக்கை ரெண்டு தடவை விசாரிக்க முடியாது. வேற இருந்தா சொல்லுங்க.”

செட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அடுத்த துண்டுக் காகிதத்தை எடுத்தார்.