நாடாக் கட்டில் விமானம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன், அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் அம்மை போட்டுப் படுத்துவிட்டேன். இப்போது மறதி வேறு. முன்னால் நடந்தது பின்னால் வருகிறது. "பேசற மாதிரியே எழுதுங்க அத்தை" என்று மருமகள் ஒரு நோட்டைக் கொடுத்திருக்கிறாள். பேசவே கூச்சப்படுகிறவள் பேசுகிற மாதிரி எழுதினால் எப்படி இருக்குமோ, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் காரணம் என் அண்ணன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் கெட்டுப்போகும் என்று பயந்தார்களே, அந்தப் பயம் தெளிந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, வைட்ஃபீல்டில் மகன் வீட்டில் இருக்கும் அண்ணன் பஸ் மாறி மாறி சந்தாபுராவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து நின்றார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் விமானம் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் டிக்கெட் கணக்குதான் பார்த்தார். அந்தக் குறை தீர மகன் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் என்று ஒன்று போட்டுக் கொடுத்திருந்தான். விமானம் ஓட்டுகிற விளையாட்டுதான். காலைக் காபிக்குப் பிறகு மேலே கிளம்பினால் சாப்பாட்டுக்குத்தான் தரை இறங்குவார் என்று அண்ணி சொல்லுவார்.

இப்போது அதிலேயே புதுசு வந்திருக்கிறதாம். அதைப் போட வேண்டுமானால் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும், பழையது போய்விடும். மாற்றிவிடலாம் என்கிறான் மகன். அண்ணனுக்கு மனசு துணியவில்லை. பழையதில் கை படிந்துவிட்டது. எந்த ஊரில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லுவார்.

"நீ சொல்லு. மாத்தலாமா, வேணாமா?" என்று என்னைக் கேட்டார்.

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிக்ஸியில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இன்னும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கிறவள் நான். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "சிரிக்காதேம்மா. என்னோட மொத சிமுலேட்டரே உங்க அத்தைதான்" என்றார்.

அது உண்மைதான். அதைத்தான் எழுத வந்தேன்.

அப்போது ஒக்கலிபுரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. வண்டி போனால் அலமாரியில் தட்டுகள் பேசிக்கொள்ளும். அப்பாவுக்கு ரயில் ஷெட்டில் வேலை. வீட்டில் இருந்த ஒரே பெரிய சாமான் அப்பா படுக்கும் நாடாக் கட்டில். எனக்கு ஏழு வயது. யாராவது வந்தால் நான் அந்தக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். வந்தவர்கள் குனிந்து 'பாப்பா, வெளியே வா' என்றால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அம்மா திட்டியும் பார்த்தாள், பொரி உருண்டை காட்டியும் பார்த்தாள். பலிக்கவில்லை.

ஒரு நாள் எதிர்வீட்டு அம்மாள் வந்து எழுந்திருக்கிற வழியாக இல்லை. கட்டில்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தான். (அப்போது அவனுக்குப் பதினொரு வயது. அதனால் இங்கே 'அவன்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.) கீழே எனக்குக் கால் மரத்துப்போயிற்று. நீட்டி ஓர் உதை விட்டேன். நாடாவோடு சேர்ந்து அண்ணன் ஒரு சாண் எழும்பி விழுந்தான். அந்த அம்மாள் போனதும் குனிந்து பார்த்தான். கிள்ளப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "இன்னொரு வாட்டி பண்ணு" என்றான்.

அன்றிலிருந்து அது விமானம். சோற்றுப் பானை மூடியைப் பிடித்துக்கொண்டு அவன் மேலே இருப்பான். நான் கீழே மல்லாந்து படுத்து இரண்டு காலையும் நாடாவில் ஊன்றிக்கொள்வேன். இடது என்றால் இடது கால், வலது என்றால் வலது கால், மேலே என்றால் இரண்டும். சாயங்காலம் கூட்ஸ் வண்டி போகும்போது வீடே ஆடும். அந்த நேரம் பார்த்துப் புயலுக்குள் போவோம்.

ஆனால் அவன் கேட்காததையும் நான் செய்வேன். அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஓர் உதை. மலைமேல் இடித்துவிட்டோம் என்று அலறுவான். சில சமயம் என்ன கத்தினாலும் அசையாமல் கிடப்பேன். இன்ஜின் நின்றுபோச்சு என்று மூடியைத் திருகித் திருகித் தவிப்பான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள், அங்கே மட்டும் காற்றாகவும் மழையாகவும் இருந்தேன்.

இப்படி இருக்கும்போது சித்தப்பா ஒரு சனிக்கிழமை கைவண்டியில் சலூன் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்பவர். ஏதோ ஒரு பெரிய சலூனை மூடியபோது கிடைத்ததாம். காலால் மிதித்தால் உயரும், தள்ளினால் சுற்றும், பின்னால் சாய்த்தால் படுக்கை. சித்தி பிள்ளைத்தாச்சி, தரையில் படுத்து எழ முடியவில்லை. அதனால் நாற்காலியை வைத்துக்கொண்டு கட்டிலைக் கொடுத்துவிடுங்கள் என்றார். "சும்னே ஒரு நாள் வச்சுப் பாருண்ணே. நீ படுத்துக்கலாம், பையன் பறந்துக்கலாம். நாளைக்குச் சாயங்காலம் வரேன்" என்று போய்விட்டார்.

ஒரே அறை. இரண்டுக்கும் இடமில்லை. கட்டிலைத் தூக்கிச் சுவரில் நிமிர்த்தி வைத்தார்கள்.

தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். அண்ணன் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு மேலே என்றான், ஒருவன் மிதித்தான். இடது என்றான், ஒருவன் சுற்றினான். எல்லாம் சொன்னபடி நடந்தது. நாற்காலிக்கு அடியில் ஆள் நுழைய இடம் உண்டா என்று நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். உருண்டையாக ஓர் இரும்புக் கால்தான். பூனைகூடப் பதுங்க முடியாது. நிமிர்த்தி வைத்த கட்டிலுக்குப் பின்னால் நின்று நாடா இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டில் போய்விட்டால் நாளைக்கு யாராவது வந்தால் எங்கே போவேன் என்று நாடாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, நாற்காலியைச் சாய்த்துப் படுத்துப் பார்த்தார். ரயில் போகப் போக, வீடு அதிர அதிர, நாற்காலி அவரைத் தூக்கத்திலேயே மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. விழித்தபோது இரண்டு காலும் சாமி படத்துக்கு நேராக இருந்தன. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவோ, "தூக்கம் நல்லாத்தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். அப்பா சிரித்துக்கொண்டே, எனக்கு எதுவானாலும் சரி, பைலட்டைக் கேள் என்றார். தெருவே வாசலில் நின்றது. அண்ணன் நாற்காலியில் ஏறி ஒரு சுற்று சுற்றினான். பிறகு இறங்கிவிட்டான்.

"வேணாம் சித்தப்பா. இது நான் சொன்னதை மட்டும்தான் செய்யுது."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்போ இவ சொன்ன பேச்சு கேக்கறதில்லைன்னு சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்து நான் ஒருநாளும் நின்றதில்லை. முகம் எரிந்தது. அண்ணன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

சித்திக்கு வேறு கட்டில் கிடைத்தது. எங்கள் கட்டில் கீழே இறங்கியது. நானும் திருந்தினேன். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. ஓர் உதைகூட அதிகமில்லை. பத்து நாளில் அண்ணன் பானை மூடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கோலி விளையாடப் போய்விட்டான். நாற்காலியை விட்டுவிட்டோமே என்று ஏங்குகிறான், நான் இன்னும் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்திருந்த அன்று இதை மருமகளிடம் சொன்னபோது அவர் குறுக்கே வந்தார். "நாற்காலிக்கு யார் ஏங்கினா? நீ திடீர்னு ஒழுங்காயிட்டே. அப்புறம் என்ன பறக்கறது? பேஜாராயிடுச்சு" என்றார்.

ஐம்பது வருஷம் கழித்துத் தெரிகிறது. பிறகு, பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் காற்று எப்படி அடிக்கும் என்று கேட்டேன். நாம் எதைப் போட்டு வைக்கிறோமோ அதுதான் என்றார். புதுசில்?

"அது தானா மாறுமாம். எப்போ என்ன வரும்னு நமக்குத் தெரியாதாம்."

"அப்போ புதுசே போட்டுக்கோ அண்ணா" என்றேன்.

மருமகளே, இதைப் பார்த்துத் திருத்திவிடு. நாற்காலி மெத்தை பச்சையா சிவப்பா, கூட்ஸ் எத்தனை மணிக்கு, இதெல்லாம் உங்கள் பெரிய மாமாவுக்கு போன் போட்டுக் கேட்டுக்கொள். நாற்காலியை விட்டு இறங்கி அவர் சொன்ன வார்த்தையை மட்டும் கேட்க வேண்டாம். அது எனக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது, அர்த்தம்தான் அப்போது தெரியாமல் போயிற்று.